எட்டாயிரம் கிலோமீட்டர் மாப்பிள்ளை

பல் டாக்டர் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது என் அண்ணியை அல்ல, என் வாயை.

"தம்பி, கீழ் வரிசையில இடது பக்கக் கடைவாய்ப்பல். ரொம்ப நாளா வலிக்குதோ?"

"உங்களைப் பார்த்ததுமே நின்னுடுச்சு டாக்டர்," என்றேன், அவசரமாக உதட்டை மூடிக்கொண்டு.

சலவைக்கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். கீழே இஸ்திரிப் பெட்டி சூடேறினால் மேலே எங்கள் தரை சூடேறும். அதனால் வருகிற கட்சிக்காரர்கள் யாரும் அதிக நேரம் நின்று பேசுவதில்லை. சட்டென்று உட்கார்ந்து விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். நிலையத்தை நடத்துவது என் மூத்த அண்ணனின் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர். நான் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, இன்ஸ்பெக்டர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். எனக்கு அவர்கள் வைத்த பெயர் ரேடியோ. காரணம் போகப் போகத் தெரியும்.

"உட்காருங்க டாக்டர். சொல்லுங்க," என்றார் அண்ணி.

டாக்டர் உட்கார்ந்தார். வெள்ளை கோட்டின் பையில் இருந்து குட்டிக் கண்ணாடி ஒன்று எட்டிப் பார்த்தது.

"எனக்கு ஒரே பொண்ணு. திங்கட்கிழமை காலையில பதினோரு மணிக்குப் பதிவாளர் ஆபீஸ்ல கல்யாணம். செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையோட ஃப்ளைட் ஏறிப் போறா. இன்னைக்கு சனிக்கிழமை. நடுவுல இருக்கிறது ஒன்றரை நாள். மாப்பிள்ளை மேல எனக்குச் சந்தேகம்."

"பல்லுல கோளாறா?" என்றேன்.

"பல்லு முப்பத்திரண்டும் முத்து தம்பி. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு."

மாப்பிள்ளை பிறந்து வளர்ந்ததெல்லாம் கடலுக்கு அப்பால், எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு நகரத்தில். சொந்தம் என்று ஓர் அக்கா மட்டும். பெண்ணும் அவனும் ஒன்றரை வருஷமாகத் தினமும் போனில் பேசிக்கொண்டதுதான் பழக்கம். நேரில் பார்த்தது நேற்று முன்தினம், வியாழக்கிழமைதான். காலை ஏழு மணிக்கு விமானம் இறங்கியதாம். எட்டரை மணிக்குக் கையில் பூங்கொத்தோடு டாக்டர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறான்.

"அழைச்சிட்டு வர ஏர்போர்ட்டுக்கு வர்றேன்னு நான் ஆயிரம் தடவை சொன்னேன். வேண்டவே வேண்டாம்னுட்டான். வந்தவுடனே என்கூட செஸ் ஆடினான். மூணு ஆட்டம். மூணுலயும் என்னைத் தோற்கடிச்சான்."

"அதனாலதான் சந்தேகமா?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க தம்பி. பதிவாளர் ஆபீஸ் படிவத்துக்காக பாஸ்போர்ட்டைக் கேட்டேன். தரமாட்டேங்கறான். 'நானே நேர்ல காட்டிக்கிறேன் மாமா'ங்கறான். நேத்து திரும்பக் கேட்டேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு. பொண்ணுகிட்டச் சொன்னா, 'அப்பா, உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் சொத்தைதான் தெரியும்'னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டா."

"பொண்ணுக்கு என்ன வேலை?"

டாக்டரின் முகத்தில் முதல் தடவையாகப் பெருமை தெரிந்தது. "கட்டட சைட்ல டவர் கிரேன் ஓட்டுறா. அறுபது மீட்டர் உயரத்துல."

அண்ணி பென்சிலை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டார். வழக்கை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம்.

*

மாப்பிள்ளை தங்கியிருந்தது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு விடுதியில், தரைத்தளத்தில். நாங்கள் போட்ட வேஷத்தில் அண்ணி டாக்டருக்குத் தங்கை முறை. நான் அண்ணியின் கொழுந்தன். இரண்டாவது பாதி பொய்யில்லை என்பதால் எனக்கு நடிக்க வேண்டிய சிரமம் பாதியாகக் குறைந்தது.

கதவைத் திறந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லி, கண்ணாடி, பயந்த முயலின் சிரிப்பு. "வாங்க அத்தை!" என்று ஒரே விநாடியில் உறவு கொண்டாடிவிட்டான். ஏமாற்றுக்காரர்களுக்கு இந்த வேகம் உண்டு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அறை ஒழுங்காக இருந்தது. மேசையில் இரண்டு ஆப்பிள், ஒரு ஸ்டீல் குவளை, வெந்நீர் ஃப்ளாஸ்க். கட்டிலுக்கு அடியில் பெரிய முதுகுப்பை. அதன் பட்டையில் ஒரு மெல்லிய இரும்புச் சங்கிலியும் பூட்டும் தொங்கின. சங்கிலியைப் பார்த்ததும் எனக்குள் மணி அடித்தது. யாரைக் கட்டிப்போட?

"நாங்களும் அடுத்த மாசம் உங்க ஊர்ப் பக்கம் வரலாம்னு இருக்கோம் தம்பி," என்று அண்ணி ஆரம்பித்தார். "ஃப்ளைட்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

அவன் முகம் விளக்கு போட்டது போல மலர்ந்தது.

"இங்கேயிருந்து அங்கே போக பத்து மணி இருபத்தஞ்சு நிமிஷம் அத்தை. அங்கேயிருந்து இங்கே வர ஒன்பது மணி பத்து நிமிஷம்தான்."

"அதெப்படி? போறதுக்கும் வர்றதுக்கும் ரோடு ஒண்ணுதானே?" என்றேன்.

"மேலே, பதினோரு கிலோமீட்டர் உயரத்துல, காத்து மேற்கேயிருந்து கிழக்கே ஆறு மாதிரி ஓடும் சார். இங்கே வரும்போது அது முதுகுல கை வெச்சுத் தள்ளும். போகும்போது நெஞ்சுல கை வெச்சுத் தடுக்கும். தூரம் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிலோமீட்டர். அதுவும் வரைபடத்துல பார்க்கிற நேர்கோடு இல்ல. இப்படி..." ஓர் ஆப்பிளை எடுத்தான். பேனாவால் இரண்டு புள்ளி வைத்து, இரண்டையும் மேல்நோக்கி வளைந்த ஒரு கோட்டால் இணைத்தான். "உருண்டை மேல இதுதான் குறுக்கு வழி."

"பிரமாதம்," என்றார் அண்ணி. "வியாழக்கிழமை பயணம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு அத்தை."

"சாப்பாடு?"

"நல்லா இருந்துச்சு."

"பக்கத்து சீட்ல யாரு?"

"நல்லா..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "யாரோ ஒருத்தர்."

வெளியே வந்தோம். அந்த ஆப்பிளை நான் கையோடு கொண்டுவந்திருந்தேன். வாயருகே கொண்டு போனதும் அண்ணி கேட்டார்: "அது சாட்சியமா, சிற்றுண்டியா?"

"ரெண்டும்தான். அண்ணி, ஆள் அறிவாளி. ஃப்ளைட் கணக்கெல்லாம் நாக்கு நுனியில..."

"எட்டாயிரம் கிலோமீட்டர் உட்கார்ந்து வந்தவனுக்குத் தூரம் தெரியாது தம்பி. முழங்கால் எங்கே இடிச்சதுன்னு தெரியும். எந்தக் குழந்தை எத்தனை மணிக்கு அழுததுன்னு தெரியும். முன்சீட்டுக்காரன் சாய்ஞ்சப்போ காபி எந்தத் தொடை மேல கொட்டிச்சுன்னு தெரியும். இவனுக்கு விமானத்தைப் பத்தி எல்லாம் தெரியுது. பயணி ஒருத்தனுக்குத் தெரியவேண்டியது மட்டும் ஒண்ணுகூடத் தெரியலை."

நான் மெல்லுவதை நிறுத்தினேன். அப்போது ஆப்பிளில் மிச்சம் இருந்தது இரண்டு நகரங்களும் கொஞ்சம் கடலும்தான்.

*

விமான நிலையத்தில் கவுண்டர் பெண் ரொம்ப மரியாதையாகச் சிரித்து, ரொம்ப மரியாதையாக மறுத்தாள். பயணிகள் பட்டியலை யாருக்கும் காட்ட மாட்டார்களாம்.

"எங்க பெரியம்மா பையன் மேடம் அவன். காணாமப் போயிட்டான்," என்று நான் கண்ணைக் கசக்கினேன்.

"காலையிலேர்ந்து இது மூணாவது பெரியம்மா பையன் சார்," என்றாள் அவள்.

அண்ணி என்னைக் காதைப் பிடித்து இழுக்காத குறையாக வருகைக் கூடத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே துப்புரவுப் பிரிவின் மேற்பார்வையாளர் அம்மா தள்ளுவண்டியில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது; இடுப்பில் சாவிக்கொத்து; உலகத்தின் அழுக்கையெல்லாம் பார்த்துவிட்ட கண்கள்.

"அக்கா, ஒரு விஷயம் கேக்கணும்," என்றார் அண்ணி. "வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்கு வந்த ஃப்ளைட்..."

அந்த அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்த ஃப்ளைட்டா! அதைப் பத்தி என் வாயைக் கிளறாதீங்க."

பிறகு கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசினார்.

விமானம் கிளம்பி ஒரு மணி நேரத்தில் தண்ணீர்க் குழாயில் ஏதோ கோளாறு. ஆறு கழிப்பறைகளில் ஐந்து படுத்துவிட்டன. முந்நூறு பேர், மிச்சம் எட்டு மணி நேரம், ஒரே ஒரு கழிப்பறை. வரிசை விமானத்தின் வால் வரை நின்றதாம். விமானப் பணிப்பெண்கள் கடைசியில் டோக்கன் எழுதிக் கொடுத்தார்களாம்.

"கதவைத் திறந்ததும் வந்தாங்க பாரும்மா! பை, பெட்டி, பெண்டாட்டி, பிள்ளை, எதையும் திரும்பிப் பாக்கலை. முந்நூறு பேரும் ஓட்டம். அந்த மூலைக் கழிப்பறைக் கதவையே கழட்டிட்டாங்க. பாஸ்போர்ட் பாக்குற அதிகாரிங்க ஒன்பது மணி வரைக்கும் ஆள் வரும் வரும்னு வெறும் கவுண்டர்ல உட்கார்ந்திருந்தாங்க. நாப்பத்திரண்டாம் நம்பர் டோக்கன் இன்னும் என்கிட்ட இருக்கு. காட்டட்டுமா?"

"வேண்டாம்," என்றோம் இருவரும் ஒரே குரலில்.

அண்ணி மெதுவாக என்னைப் பார்த்தார். "'நல்லா இருந்துச்சு அத்தை.'"

"எட்டரை மணிக்குப் பூங்கொத்து!" என்றேன். "ஓட்டம் முடிஞ்சு முதல் ஆள் வெளியே வந்ததே ஒன்பதுக்கு மேல. அண்ணி, கேஸ் முடிஞ்சுது. மாப்பிள்ளை அந்த ஃப்ளைட்ல வரவே இல்ல. அவன் வெளியூரே இல்ல. உள்ளூர்க்காரன். ரெண்டு தெரு தள்ளி ஒரு பெண்டாட்டி இருப்பா. மூணு தெரு தள்ளி இன்னொருத்தி. பாஸ்போர்ட்டைக் காட்டமாட்டேங்கறானே, ஏன்? இருந்தாத்தானே காட்ட!"

"இருக்கலாம். செஸ் ஆட்டமும் அதுக்குப் பொருந்துது."

"செஸ்ஸா?"

"ரெண்டு ஊருக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். இங்கே காலையில எட்டரைன்னா அங்கே ராத்திரி ரெண்டரை. நிஜமாவே ஒன்பது மணி நேரத்துல பறந்து வந்திருந்தா, அவன் உடம்பு இன்னும் நடுராத்திரியில இருந்திருக்கும். குதிரையை எடுத்து யானை வாயில வெச்சிருப்பான். இவன் மூணு ஆட்டம் ஜெயிச்சிருக்கான். அவன் உடம்புக்கும் காலை எட்டரைதான்."

"அதாவது இங்கேயே இருந்தவன்!"

"அதாவது..." அண்ணி நடந்துகொண்டே கொண்டையில் இருந்து பென்சிலை உருவினார். "ஒரு ஆள் தன் பையைச் சங்கிலி போட்டு எதுல கட்டுவான் தம்பி?"

நான் பதில் யோசிப்பதற்குள் என் போன் அடித்தது. பல் டாக்டர். பின்னணியில் இயந்திரம் ஒன்று விர்ரென்று யாருடைய பல்லையோ குடைந்துகொண்டிருந்தது.

"தம்பி, ஏதாவது தெரிஞ்சுதா?"

இந்த இடத்தில் என் பட்டப்பெயருக்குக் காரணம் தெரியவேண்டியிருக்கிறது.

"டாக்டர், உங்க சந்தேகம் நூத்துக்கு நூறு! அவன் ஃப்ளைட்லயே வரலை!"

இயந்திரச் சத்தம் நின்றது. நோயாளி 'ஆ' என்றார். "நான் இப்பவே போய் பொண்ணுகிட்டச் சொல்றேன்," என்றார் டாக்டர். போன் அணைந்தது.

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில், சலவைக்கடை இஸ்திரிப்பெட்டி கெட்டுப்போனால் என்னையே வைத்துத் துணி தேய்த்திருக்கலாம்.

"டாக்டர் கிளினிக்லேர்ந்து சைட்டுக்கு எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி நேரம் ஆகும் அண்ணி. மேம்பாலத்துல வேலை நடக்குது."

"அதுக்குள்ள இந்தப் பையன் யாருன்னு நமக்குத் தெரிஞ்சாகணும். ஓடு. டாக்ஸி பிடி."

*

இந்த முறை கதவைத் திறந்தவன் 'அத்தை' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வியாழக்கிழமை எந்த சீட்டு?"

"முப்பத்திரண்டு ஏ. ஜன்னலோரம்."

"கழிப்பறை எல்லாம் வசதியா இருந்துச்சா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "ரொம்பச் சுத்தமா இருந்துச்சு அத்தை. காத்திருக்கவே வேண்டியதில்ல."

என்னால் முடியவில்லை. சிரித்துத் தொலைத்தேன். நடந்ததை நானே சொன்னேன்: ஐந்து கழிப்பறை, டோக்கன், கழன்ற கதவு. அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரின் நிறத்துக்குப் போனது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"எந்தத் தெருவுலப்பா உன் முதல் சம்சாரம்?" என்று பாய்ந்தேன்.

"நீ சும்மா இரு," என்றார் அண்ணி. அவர் கை கட்டிலுக்கு அடியில் இருந்த சங்கிலியைக் காட்டியது. குரல் மென்மையாகிவிட்டது. "ரயில்ல பெஞ்சுக் காலோட பையைக் கட்டுறதுக்குத்தானே தம்பி இது? எத்தனை நாள் ஆச்சு?"

அவன் சட்டைப் பையில் இருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அண்ணி கையில் கொடுத்தான்.

நான் தோள்வழியாக எட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் எல்லை முத்திரைகள். சிலவற்றின் ஓரத்தில் குட்டி ரயில் படம். சிலவற்றில் குட்டி பஸ். இரண்டில் கப்பல். எவ்வளவு புரட்டியும் விமானப் படம் ஒன்றுகூட இல்லை.

"பதினெட்டு நாள்," என்றான் அவன். "ஒன்பது ரயில், நாலு பஸ், ரெண்டு கப்பல். ஒரு இடத்துல தக்காளி லாரி."

எனக்கு வாயடைத்துப் போனது. அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் இரண்டாவது முறை.

"அங்கே நீ என்ன வேலை பார்க்கிறே?" என்று கேட்டார் அண்ணி.

"ஏர்லைன்ஸ்ல. விமானம் கிளம்புறதுக்கு முன்னாடி அதுக்கு வழி போட்டுக் கொடுக்கிற வேலை. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எவ்வளவு எரிபொருள், எங்கே காத்து, எங்கே மின்னல். தினமும் நாற்பது விமானத்துக்கு."

"நீ?"

"நான் ஏறினதில்ல அத்தை. ஒரே ஒரு தடவை ஏறினேன், ஆறு வருஷம் முன்னாடி. கதவைச் சாத்தப் போறாங்க, எனக்கு மூச்சு நின்னுடும்போல இருந்துச்சு. இறக்கி விடுங்கன்னு கத்திட்டேன். என் பெட்டியைத் தேடி எடுத்து இறக்கறதுக்குள்ள விமானம் நாற்பது நிமிஷம் லேட். மறுநாள் ஆபீஸ் போனா, அந்தத் தாமதத்துக்குக் காரணம் எழுதற படிவம் என் மேசைக்கே வருது. 'பயணி ஒருவர் இறங்கிவிட்டார்'னு நானே எழுதினேன்."

நான் சிரிக்கவில்லை. என்னாலேயே நம்ப முடியவில்லை.

"இதை ஏன் பொண்ணுகிட்ட மறைச்சே?"

"அவ அறுபது மீட்டர் உயரத்துல உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறவ அத்தை. அவகிட்ட எப்படிச் சொல்றது? முதல் மாசமே 'அதுக்கென்ன, ஒரு நாள் பறந்து வர்றேன்'னு பெருமைக்குச் சொல்லிட்டேன். அப்புறம் அந்தப் பொய்யிலேர்ந்து இறங்க எனக்குப் படிக்கட்டே கிடைக்கலை."

"செவ்வாய்க்கிழமை என்ன பண்றதா உத்தேசம்?"

"தூக்க மாத்திரை போட்டுக்கிட்டு ஏறிடலாம்னு..."

அண்ணி எழுந்தார். "உன் மாமனார் இப்போ சைட்டுக்குப் போயிட்டிருக்கார். நீ ஃப்ளைட்ல வரலைங்கறது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதை அந்தப் பொண்ணு அவர் வாயால கேட்டா நீ மோசக்காரன். உன் வாயால கேட்டா..."

"கேட்டா?"

"அது எனக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும். வா."

*

கட்டட சைட்டின் நடுவே அந்த மஞ்சள் கிரேன் மேகத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. நாங்கள் டாக்ஸியில் இருந்து இறங்கிய அதே நேரம், எதிர்ப்புறம் டாக்டரின் கார் வந்து நின்றது. வெள்ளை கோட், ஒரு கையில் மட்டும் ரப்பர் உறை. நோயாளியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"டேய் மோசக்காரா!"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தான், கிரேனைப் பார்த்தான். அடுத்த நிமிஷம் சூப்பர்வைசரின் மேசையில் இருந்த ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏணியில் ஏற ஆரம்பித்துவிட்டான்.

"ஏய், யாருய்யா அது? அனுமதி இல்லாம ஏறக்கூடாது!" என்று சூப்பர்வைசர் வாக்கி-டாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மாப்பிள்ளை ஏறினான். ஒரு படி, இரண்டு படி, ஏழு படி. பன்னிரண்டாவது படியில் வேகம் குறைந்தது. பதினான்காவது படியில் நின்றது. ஏணியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, நெற்றியைக் கம்பியில் சாய்த்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

"கீழே இறங்குடா!" என்றார் டாக்டர்.

"முடியலை மாமா!"

"அப்போ மேலே போ!"

"அதுவும் முடியலை மாமா!"

வாக்கி-டாக்கி கரகரத்தது. மேலே இருந்து ஒரு பெண் குரல்: "சூப்பர்வைசர் சார், ஏணியில என்ன ஒட்டிக்கிட்டிருக்கு?"

சூப்பர்வைசர் எங்களைப் பார்த்தார். "உங்க மாப்பிள்ளைன்னு சொல்றாங்கம்மா," என்றார் தயக்கமாக.

அவள் தொங்கிக்கொண்டிருந்த இரும்புக் கம்பிக் கட்டைப் பத்திரமாகத் தரையில் இறக்கி வைத்தாள். அதற்குப் பிறகுதான் இறங்க ஆரம்பித்தாள். அறுபது மீட்டரையும் மாடிப்படி இறங்குவது போல இறங்கி வந்து, அவன் தலைக்கு மேலே இரண்டு படி விட்டு நின்றாள். சைட் முழுக்க வேலை நின்றுவிட்டது. கலவை இயந்திரத்தைக்கூட யாரோ அணைத்துவிட்டார்கள்.

"பாப்பா! இவன் ஃப்ளைட்ல..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"அப்பா, ஒரு நிமிஷம் சும்மா இருங்க. அவரு ஏதோ சொல்லத்தான் இவ்வளவு தூரம் ஏறியிருக்காரு."

மூன்றரை மீட்டர்தான். ஆனால் அவனுக்கு அது எவ்வளவு தூரம் என்று எங்களுக்குத் தெரியும்.

"நான் ஃப்ளைட்ல வரலை," என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "எனக்கு விமானம்னா பயம். ரயில்ல வந்தேன். பதினெட்டு நாள். பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்," என்றாள் அவள்.

அவன் கண் திறந்தது. டாக்டரின் வாய் திறந்தது. என் வாய் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

"எப்போலேர்ந்து?"

"நீ கிளம்பின மூணாவது நாள்லேர்ந்து சந்தேகம். போன்ல கேமரா கெட்டுப்போச்சுன்னே. சரின்னு விட்டேன். தினமும் எனக்கு மத்தியானம் ஒரு மணிக்குத்தானே பேசுவோம்? எப்பவும் அப்போ உனக்கு விடிஞ்சு கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கொட்டாவி விட்டுக்கிட்டே பேசுவே. ஒன்பதாவது நாள், 'பத்து மணிக்கே என்ன வெயில்'னு உளறினே. இன்னும் ஆறு நாள் போச்சு. பின்னாடி கப்பல் மணி அடிக்குது, 'சாப்பிடக் கூப்பிடறாங்க'ன்னே. மூணு நாளைக்கு ஒரு மணி நேரம் கணக்குல நீ என் பக்கம் வந்துக்கிட்டே இருந்தே. நான் மேலே உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவன் அழ ஆரம்பித்தான். சத்தமில்லாமல், ஏணியை விடாமல்.

"அப்போ ஏன் கேக்கலை?"

"நீ சொல்லுவேன்னு காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும். திங்கட்கிழமை பதினோரு மணி வரைக்கும் உனக்குக் கெடு வெச்சிருந்தேன். சொல்லாம அந்த நோட்டுல கையெழுத்துப் போட வந்திருந்தா, நான் போட்டிருக்க மாட்டேன்." அவள் குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் உடைந்தது. "பயம் இருக்கட்டும். எனக்குக்கூட கரப்பான் பூச்சின்னா பயம். பொய்தான் எனக்கு ஆகாது."

"இனிமே சொல்லமாட்டேன். செவ்வாய்க்கிழமை நான் உன்கூட ஃப்ளைட்ல..."

"பதினாலு படி ஏறினதுக்கே உனக்கு இப்படி வேர்க்குது. நான் அங்கே புது வேலைக்கு ஒரு மாசம் தள்ளி வர்றேன்னு போன வாரமே எழுதிட்டேன். முதல்ல கீழே இறங்கு."

"இறங்க முடியலையே!"

அப்போது டாக்டர் அந்த ரப்பர் உறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஏணிக்குப் பக்கத்தில் போனார். அவர் குரல் சுத்தமாக மாறியிருந்தது. முப்பது வருஷமாகப் பயந்தவர்களை மட்டுமே பார்த்துப் பழகிய குரல்.

"மாப்பிள்ளை, என் குரலை மட்டும் கேளுங்க. மூச்சை மூக்கால இழுங்க. ஆங். மெதுவா விடுங்க. இடது கால் மட்டும். சின்னதா ஒரு அசைவு, அவ்வளவுதான். ஒண்ணும் தெரியாது. ஆங், பிரமாதம். இப்போ வலது கால். வாயை நல்லாத் திற... இல்ல, மூடிக்குங்க, மூடிக்குங்க. இன்னும் ஒண்ணு. முடிஞ்சுது, முடிஞ்சுது..."

பதினான்கு படிக்கு எட்டு நிமிஷம் ஆனது. கடைசிப் படியில் டாக்டர் குனிந்து, மாப்பிள்ளையின் கணுக்காலைத் தன் கையாலேயே பிடித்து, பாதத்தை மண்ணில் வைத்தார்.

நிமிர்ந்ததும் அண்ணியைப் பார்த்தார். "அறிக்கை எப்போ எழுதிக் கொடுப்பீங்க?"

"எழுதறதுக்கு ஒரு வரிதான் இருக்கு டாக்டர். உங்க பொண்ணைப் பார்க்க எட்டாயிரம் கிலோமீட்டரைத் தரையிலேயே தேய்ச்சுக்கிட்டு வந்திருக்கார்."

"கொஞ்சம் தக்காளி லாரியிலயும்," என்றேன் நான்.

அதற்குள் பெண் பாதி ஏணி ஏறிவிட்டாள். வேலை நேரம் இன்னும் முடியவில்லை. வாக்கி-டாக்கியில் அவள் குரல் வந்தது: "அப்பா, அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பாடு போடுங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாரு."

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்த பதிவாளர், "தம்பி, நீங்க உளவாளியா?" என்று கேட்டாராம். புதன்கிழமை துறைமுகத்தில் டாக்டர் ஆளுக்கொரு பல் துலக்கும் பிரஷ்ஷும் பதினெட்டு நாளைக்கான பற்பசையும் கொடுத்து வழியனுப்பினார். கப்பல் கண்ணுக்கு மறையும் வரை கோட்டைக் கழற்றி ஆட்டிக்கொண்டே இருந்தார்.

இருபது நாள் கழித்து, ஒரு பிற்பகல், தரை சூடேறிக்கொண்டிருந்தபோது அண்ணியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பென்சில் கொண்டையில் இருந்து கீழே விழுந்தது. வாங்கிப் பார்த்தேன்.

'அத்தை, வந்து சேர்ந்துட்டோம். ரெண்டு நாள் லேட். பதினோராவது நாள் ஒரு ஸ்டேஷன்ல சண்டை போட்டுக்கிட்டு ரயிலை விட்டுட்டோம். இப்போ சமாதானம்.'